இடிக்கப்பட்ட ஆலயத்தின் ஞானஸ்நானத் தொட்டி எங்கே போனது? தேடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

லண்டனின் நடுவே 'சிட்டி' எனப்படும் சிறிய பழைய மாநகரின் லைம் தெருவில், ஃபென்சர்ச் தெருவை ஒட்டி, செயின்ட் டையோனிஸ் பேக்சர்ச் என்று ஓர் ஆலயம் இருந்தது. 1666 பெருந்தீயில் எரிந்துபோன அதைக் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் மறுபடி கட்டினார். இசை வரலாறு எழுதிப் புகழ்பெற்ற சார்ல்ஸ் பர்னி இளவயதில் அங்கே ஆர்கன் வாசித்தார். 1878-இல் ஆலயத்தை இடித்தார்கள். மணிகள் பக்கத்தில் இருந்த லம்பார்ட் தெரு ஆல் ஹாலோஸ் ஆலயத்துக்குப் போயின. ஞானஸ்நானத் தொட்டியும் பிரசங்க பீடமும் அங்கே போகவில்லை. சில மைல் மேற்கே, ஃபுல்ஹாம் பகுதியின் பார்சன்ஸ் கிரீனில், 1880-களின் நடுவில் அதே பெயரில் எழும்பிய புது ஆலயத்துக்குப் போயின. பிறகு 1930-களின் இறுதியில் ஆல் ஹாலோஸ் ஆலயத்தையும் இடித்தபோது, அந்த மணிகள் ட்விக்கனத்துக்கு இன்னொரு பயணம் போயின.

ஒரே ஆலயம், ஒரே இடிப்பு. ஆனால் பொருளுக்கொரு பாதை. தொட்டியைத் தேட வருகிற பலர், இடித்த இடத்துக்குப் போய் அலுவலகக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாம் போய்விட்டது" என்று திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. ஒரு பங்கில், அதாவது ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட பகுதியில், பிறந்த குழந்தைகளையெல்லாம் தலைமுறை தலைமுறையாக ஏந்திக்கொண்ட கல் அது. முறையாகத் தேடினால் பெரும்பாலும் ஏதாவது ஒரு பதில் கிடைக்கும்.

நான் சொல்லும் முறையின் அடிப்படை இதுதான்: முதலில் கல்லைத் தேடாதீர்கள், பங்கைத் தேடுங்கள். ஆலயக் கட்டடம் இடிந்தாலும் பங்கு சட்டப்படி அழிவதில்லை. அதைப் பக்கத்துப் பங்கோடு இணைப்பார்கள். பதிவேடு, வெள்ளிப் பாத்திரம், அறக்கட்டளைப் பணம், தொட்டி எல்லாம் அந்த இணைப்பின் வழியே நகர்கின்றன. தொட்டியை உடைத்துப் போட யாருக்கும் கை வருவதில்லை. ஓக் மரச் சிற்பங்களுக்கு வாங்க ஆள் இருந்ததுபோல் கல் தொட்டிக்கு இருந்ததில்லை. அதே சமயம் புதிதாகக் கட்டும் ஒவ்வோர் ஆலயத்துக்கும் ஒரு தொட்டி கட்டாயம் தேவை. கல்லால் ஆன தொட்டி எல்லா ஆலயங்களிலும் இருக்க வேண்டும் என்று 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்துத் திருச்சபையின் விதி சொன்னது. புதிதாகச் செய்வதைவிடப் பழையதை வண்டியில் ஏற்றி அனுப்புவது செலவு குறைவு. இந்தக் காரணங்கள் சேர்ந்துதான் தொட்டிகளைக் காப்பாற்றின.

இந்த வழிகாட்டியை லண்டன் மாநகர ஆலயங்களை வைத்தே எழுதுகிறேன். இவ்வளவு சிறிய பரப்பில் இத்தனை பங்கு ஆலயங்கள் இடிபட்டதும், அதற்கான ஏடுகள் இவ்வளவு கெட்டியாகக் காக்கப்பட்டிருப்பதும் வேறெங்கும் அரிது.

முதல் படி: எந்தத் தொட்டியைத் தேடுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

ஓர் ஆலயத்துக்கு அதன் ஆயுளில் ஒரே தொட்டிதான் இருந்திருக்கும் என்று நினைப்பதுதான் மிகப் பெரிய குழி. ஜான் மில்டனை எடுத்துக்கொள்ளுங்கள். கவிஞர் 1608 டிசம்பரில் பிரெட் தெரு ஆல் ஹாலோஸ் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அந்த ஆலயம் 1666-இல் எரிந்தது. ரென் கட்டிய அடுத்த ஆலயம் 1870-களில் இடிபட்டது. மில்டனின் ஞானஸ்நானத்தைச் சொல்லும் கல்வெட்டு அங்கிருந்து பெயர்க்கப்பட்டு, இன்று செயின்ட் மேரி லி போ ஆலயத்தின் வெளிச்சுவரில் இருக்கிறது. இப்போது யாராவது "1870-களில் இடித்த ஆலயத்தின் தொட்டி இதோ, இதில்தான் மில்டன் ஞானஸ்நானம் பெற்றார்" என்று சொன்னால், முதல் பாதி உண்மையாகவே இருந்தாலும் இரண்டாம் பாதி நிற்காது. நடுவில் ஒரு பெருந்தீ இருக்கிறது.

ஆகவே ஒரு தாளில் ஆண்டுக்கோடு போடுங்கள். அதில் கட்டாயம் குறிக்க வேண்டிய கட்டங்கள் உண்டு. உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1645-இல், நாடாளுமன்றம் கொண்டுவந்த புது ஆராதனை முறை பழைய தொட்டிகள் நின்ற இடத்தில் ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது என்றது. சபை கூடியிருக்கும் இடத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக் கொடுத்தார்கள். பல தொட்டிகள் அப்போது வெளியே போயின. 1660-இல் மன்னராட்சி திரும்பியதும் அவசர அவசரமாகப் புதியவை செய்தார்கள். 1660-களின் தேதி பொறித்த தொட்டிகள் இங்கிலாந்து முழுவதும் கிடைப்பது இதனால்தான். ஆறே ஆண்டில் பெருந்தீ வந்து மாநகரின் 87 பங்கு ஆலயங்களை எரித்தது. அவற்றில் 51-ஐத்தான் ரென் தலைமையில் மறுபடி கட்டினார்கள். மற்ற பங்குகளைப் பக்கத்துப் பங்குகளோடு சேர்த்துவிட்டார்கள். பிறகு விக்டோரியா காலத்துப் புதுப்பிப்பு. 17-ஆம் நூற்றாண்டுச் சலவைக்கல் தொட்டி "கிறிஸ்தவத் தோற்றமாக இல்லை" என்று ஓரங்கட்டிவிட்டு, கோதிக் பாணியில் எண்கோணத் தொட்டி வைத்த குருமார் உண்டு. கடைசியாக 1940–41 குண்டுவீச்சு.

உங்கள் ஆலயம் இவற்றில் எதையெல்லாம் தாண்டியது? உங்கள் குடும்பத்தில் ஒருவர் அங்கே ஞானஸ்நானம் பெற்றார் என்பதற்காகத் தேடுகிறீர்கள் என்றால், அந்தத் தேதியைக் கோட்டில் வையுங்கள். அந்தத் தேதிக்கு முன்பிருந்து இடிப்பு வரை நீடித்த தொட்டிதான் உங்களுக்கு வேண்டியது.

இரண்டாம் படி: பெயரில் ஏமாறாதீர்கள்

மாநகருக்குள் மட்டும் ஆல் ஹாலோஸ் என்ற பெயரில் எட்டுப் பங்குகள் இருந்தன: பார்க்கிங், பிரெட் தெரு, தி கிரேட், தி லெஸ், ஹனி லேன், லம்பார்ட் தெரு, லண்டன் வால், ஸ்டெய்னிங். பழைய ஏடுகளில் எழுத்தர் வெறும் "ஆல் ஹாலோஸ்" என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். அவருக்கு எதுவென்று தெரியும், நமக்குத் தெரியாது. அந்தப் பெயரை ஒரே சொல்லாகச் சேர்த்தும், ஓர் எழுத்தை விட்டும் எழுதியிருப்பார்கள். தேடுபெட்டியில் எல்லா வடிவங்களையும் போட்டுப் பார்க்க வேண்டும். தெருவின் பெயரையும், சொத்து எந்த வார்டில் இருந்தது என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பங்கும் பணமும் போன வழி

வேலையின் மையம் இதுதான். ஆலயத்தை ஏன் இடித்தார்கள் என்று கண்டுபிடித்தால், தொட்டி போன திசை பாதி தெரிந்துவிடும்.

1860-க்கு முந்தைய இடிப்புகள் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட தேவைக்காக நடந்தவை. செயின்ட் கிறிஸ்டோபர் லி ஸ்டாக்ஸ் ஆலயம் 1780-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து வங்கியின் விரிவாக்கத்துக்காகப் போனது. செயின்ட் மைக்கேல் குரூக்கட் லேன் 1831-இல் புது லண்டன் பாலத்துக்கு வழிவிட்டது. இந்த மாதிரி இடிப்புகளில் புது ஆலயம் கட்டும் திட்டம் எதுவும் இருக்காது. பங்கைப் பக்கத்து ஆலயத்தோடு இணைப்பார்கள். பொருள்களும் அங்கேயே போகும். ஆனால் பக்கத்து ஆலயத்தில் ஏற்கெனவே ஒரு தொட்டி இருக்குமே? அதனால் வந்த தொட்டி நிலவறையிலோ மணிக்கோபுரத்தின் அடித்தளத்திலோ கிடந்து, பிறகு எங்கோ போயிருக்க வாய்ப்பு அதிகம்.

1860-இல் பங்குகளை இணைக்கும் சட்டம் ஒன்று வந்தது. மாநகரில் குடியிருப்போர் குறைந்து, ஞாயிறு ஆராதனைக்கு ஆளில்லாமல் போன காலம். புறநகரிலோ மக்கள் பெருகி, ஆலயம் இல்லாமல் இருந்தார்கள். மாநகர ஆலயத்தை மூடி, பொன் விலை பெறும் அந்த மனையை விற்று, அந்தப் பணத்தில் புறநகரில் ஆலயம் கட்டலாம் என்று சட்டம் வழி திறந்தது. ஆகவே 1860-க்குப் பிந்தைய இடிப்பு என்றால் இரண்டு முகவரிகளைத் தேட வேண்டும். ஒன்று, பங்கு எந்த ஆலயத்தோடு இணைந்தது. இன்னொன்று, மனை விற்ற பணம் எந்த ஆலயத்தைக் கட்டியது. என் கருத்தில் தொட்டிக்கு இரண்டாவது முகவரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புது ஆலயம் பெரும்பாலும் பழைய ஆலயத்தின் பெயரையே வைத்துக்கொண்டிருக்கும். டையோனிஸ் போலவே, பிராட் தெருவில் இருந்த செயின்ட் பீட்டர் லி போர் ஆலயமும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிபட்டது. அந்தப் பணத்தில் வடக்கு லண்டனின் ஃப்ரயர்ன் பார்னெட்டில் அதே பெயரில் புது ஆலயம் கட்டி 1910-இல் பிரதிஷ்டை செய்தார்கள். பழைய பிரசங்க பீடமும் தொட்டியும் சுவர்ப் பலகைகளும் அங்கே போய்ச் சேர்ந்தன. மாநகர ஆலயத்துப் பெயர் ஒன்று சம்பந்தமே இல்லாமல் புறநகரில் நின்றால், அங்கே ஒரு பழைய தொட்டி இருக்கக்கூடும் என்று எண்ணுங்கள்.

பங்கு இணைப்பைக் கண்டுபிடிக்க எளிய வழி, இன்று இருக்கும் ஆலயத்தின் முழுப் பெயரைப் படிப்பது. இங்கிலாந்து வங்கிக்குப் பின்னால் இருக்கும் செயின்ட் மார்கரெட் லாத்பரி ஆலயத்தின் முழுப் பெயரில் எட்டுப் பங்குகள் அடுக்கியிருக்கின்றன: மார்கரெட் லாத்பரி, ஸ்டீபன் கோல்மன் தெரு, கிறிஸ்டோபர் லி ஸ்டாக்ஸ், பார்த்தலோமியு பை தி எக்ஸ்சேஞ்ச், ஓலேவ் ஓல்ட் ஜூரி, மார்ட்டின் பொமெராய், மில்ட்ரெட் போல்ட்ரி, மேரி கோல்சர்ச். அந்த ஆலயத்துக்குள் நடந்தால் இடிந்த ஆலயங்களின் பொருள்களுக்கு நடுவேதான் நடக்கிறோம்.

ஆனால் அதே ஆலயம் இந்த முறைக்கு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. அங்கே உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற அற்புதமான மரத் திரை, ஆல் ஹாலோஸ் தி கிரேட் ஆலயத்திலிருந்து வந்தது. அந்தப் பங்கு மேலே சொன்ன எட்டில் இல்லை. அது 1890-களில் இணைந்தது செயின்ட் மைக்கேல் பேட்டர்நாஸ்டர் ராயல் ஆலயத்தோடு. அதன் பிரசங்க பீடமோ ஹாமர்ஸ்மித் செயின்ட் பால் ஆலயத்தில். பங்கு ஒரு பக்கம், திரை ஒரு பக்கம், பிரசங்க பீடம் இன்னொரு பக்கம். பங்கைத் தொடர்வது முதல் வழி. அதிலேயே எல்லாம் கிடைத்துவிடும் என்று உட்கார்ந்துவிடக் கூடாது.

நான்காம் படி: ஏடுகளைப் புரட்டுங்கள்

மாநகரப் பங்குகளின் பதிவேடுகள் கிளர்க்கன்வெல் பகுதியில் இருக்கும் லண்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. நீண்ட காலம் லண்டன் மெட்ரோபாலிடன் ஆவணக் காப்பகம் என்று பெயர் பெற்றிருந்த நிறுவனம்தான் இது. இடித்த ஆலயத்தின் ஏடுகள் அந்தப் பழைய பங்கின் பெயரிலேயே பட்டியலிடப்பட்டிருக்கும். ஞானஸ்நானப் பதிவேட்டை எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியவை வேறு.

முதலில், ஆலயத்தின் பணத்துக்கும் பொருளுக்கும் பொறுப்பான சர்ச் வார்டன்களின் கணக்குப் புத்தகம். தொட்டியைப் பற்றி யாரும் கட்டுரை எழுதி வைப்பதில்லை. அது செலவுக் கணக்கில்தான் தலைகாட்டும். கொத்தனாருக்குக் கூலி, தொட்டிக்கு ஈயத் தகடு அடித்தவருக்குக் கூலி, மூடியைத் தூக்க இறக்கக் கயிறும் கப்பியும், வண்டிக்காரருக்கு வாடகை. இடிப்பு ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஐந்தாறு ஆண்டுக் கணக்கை வரி விடாமல் படியுங்கள். தொட்டி என்ற சொல் வராவிட்டாலும், ஈயத்துக்காரரும் கொத்தனாரும் ஒரே மாதத்தில் பணம் வாங்கியிருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெறும் ஆலயத்தின் கணக்கையும் அதே ஆண்டுகளுக்குப் பாருங்கள். ஒரு பக்கம் அனுப்பிய செலவும் மறுபக்கம் நிறுத்திய செலவும் பொருந்தினால், அதைவிடப் பலமான சான்று வேண்டியதில்லை.

அடுத்து வெஸ்ட்ரி என்னும் பங்கு நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்புகள். ஆலயத்தை மூடும்போது எந்தப் பொருள் யாருக்கு என்று பேசிய வாக்குவாதம் முழுக்க அங்கே இருக்கும். நன்கொடை கொடுத்த குடும்பத்தார் தங்கள் நினைவுக் கல்லையாவது திருப்பிக் கேட்பார்கள். புறநகர்க் குருவானவர் மணியைக் கேட்பார். பழம்பொருள் ஆர்வலர் கடிதம் போடுவார்.

மூன்றாவது, அரசிதழான லண்டன் கெசட். 1860 சட்டத்தின்படி ஒவ்வோர் இணைப்புத் திட்டமும் அரசாணையாக அதில் வெளியானது. வீட்டிலிருந்தே இலவசமாகத் தேடலாம். பணம் எங்கே போகிறது, எந்த ஆலயத்துக்கு என்பதெல்லாம் திட்டத்தின் வாசகத்தில் இருக்கும். சில திட்டங்களில் தட்டுமுட்டுப் பொருள்களைப் பேராயர் விரும்பும் இடத்துக்கு மாற்றலாம் என்று பொதுவாக எழுதியிருப்பார்கள். அப்படியானால் அடுத்துப் பார்க்க வேண்டியது திருமண்டலத்தின் (பேராயரின் ஆளுகைப் பகுதியின்) அனுமதிக் கோப்புகள். ஆலயப் பொருளை நகர்த்த வேண்டுமானால் திருமண்டல நீதிமன்றத்தின் ஃபேகல்டி என்னும் அனுமதி தேவை. மனுவும் சில வேளை வரைபடமும் அந்தக் கோப்பில் கிடைக்கும்.

புது ஆலயம் கட்டியவர்களின் பக்கத்துத் தாள்கள் லாம்பெத் அரண்மனை நூலகத்தில் இருக்க வாய்ப்புண்டு. 1818-இல் தொடங்கிய ஆலயம் கட்டும் சங்கத்தின் கோப்புகள் அங்கேதான். 2021-இல் அந்த நூலகம் புதுக் கட்டடத்துக்கு வந்தபோது, இங்கிலாந்துத் திருச்சபையின் மைய ஆவணங்களும் அதோடு ஒன்றாயின.

பழைய செய்தித்தாள்களை விட்டுவிடாதீர்கள். மனை ஏலம், இடிபொருள் ஏலம், புது ஆலயப் பிரதிஷ்டை: இந்த மூன்று செய்திகளில் ஒன்றிலாவது தொட்டி பற்றி ஒரு வாக்கியம் இருக்கக்கூடும்.

ஐந்தாம் படி: ஒரு படமோ வர்ணனையோ இல்லாமல் கிளம்பாதீர்கள்

எந்தத் தோற்றத்தில் இருந்தது என்று தெரியாமல் தேடினால், பார்க்கிற கல்லெல்லாம் நம்முடையதாகவே தோன்றும். லண்டன் ஆவணக் காப்பகத்தின் படத் தொகுப்பை இணையத்தில் பார்க்கலாம். இடிபட்ட ஆலயங்களின் உட்புற ஓவியங்கள் அதில் நிறைய. ஸ்விண்டனில் இருக்கும், பழைய கட்டடங்களைக் காக்கும் அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் காப்பகத்தில் புகைப்படங்கள் உண்டு. வரலாற்று நினைவுச் சின்னங்களுக்கான அரச ஆணையம் 1929-இல் வெளியிட்ட மாநகரக் கணக்கெடுப்பு, அப்போது நின்ற ஒவ்வோர் ஆலயத்தின் தொட்டியையும் மூடியையும் வரிவரியாக வர்ணிக்கிறது. போருக்கு முன் எழுதியது என்பதால், குண்டுவீச்சில் போனவற்றுக்கு அதன் மதிப்பு சொல்லி முடியாது. டொரான்டோ பல்கலைக்கழகத்தின் பாப்டிஸ்டீரியா சாக்ரா என்ற தொகுப்பு உலகெங்கும் உள்ள பழைய தொட்டிகளைப் பட்டியலிடுகிறது. காணாமல்போன தொட்டிகளுக்கும் அதில் இடம் உண்டு என்பதுதான் நமக்கு முக்கியம்.

படத்தில் மூடியையும் தொட்டியையும் தனித்தனிப் பொருளாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவை பிரிந்தே பயணிக்கின்றன. லண்டன் டவர் கோட்டைக்கு அருகில் உள்ள ஆல் ஹாலோஸ் ஆலயத்தில் (மேலே பட்டியலில் பார்க்கிங் என்று வந்தது) கிரின்லிங் கிப்பன்ஸ் 1682-இல் செதுக்கிய மூடி இருக்கிறது. ஏந்தி நிற்கும் தேவதூதச் சிறுவர்களும் குவிந்த பழமும் கதிரும் மரம்தானா என்று சந்தேகிக்க வைக்கும் வேலை. அதன் கீழே இருக்கும் தொட்டியோ இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது, ஜிப்ரால்டர் சுண்ணாம்புக் கல்லில் செய்தது.

ஆறாம் படி: கல்லின் முன்னால் நின்று பாருங்கள்

முன்கூட்டி ஆலய அலுவலகத்துக்கு எழுதி அனுமதி வாங்குங்கள். கொண்டுபோக வேண்டியவை: அளவு நாடா, கைவிளக்கு, படம், பென்சில். விளக்கை நேராக அடிக்காமல் கல்லின் பரப்புக்குச் சாய்வாகப் பிடியுங்கள். தேய்ந்த எழுத்தும் உளித் தடமும் நிழலாக எழுந்து வரும். சுண்ணக்கட்டியோ தண்ணீரோ கல்லில் படக் கூடாது. தேய்த்துப் பிரதி எடுக்கவும் கேட்காமல் முயல வேண்டாம்.

விளிம்பிலிருந்து தொடங்குங்கள். 1236-இல் கேன்டர்பரி பேராயர் எட்மண்ட், தொட்டிகளை மூடிப் பூட்டி வைக்க ஆணையிட்டார். ஆசீர்வதித்த தண்ணீரைத் தொட்டியிலேயே நாள் கணக்கில் வைத்திருந்த காலம் அது. சூனியத்துக்காக அதை எடுத்துப் போகிறார்கள் என்ற அச்சம் இருந்தது. அதனால் இடைக்காலத் தொட்டியின் விளிம்பில் எதிரெதிராக இரண்டு இடங்களில், பூட்டுக் கொக்கியை ஈயம் காய்ச்சி ஊற்றிப் பதித்த வடு இருக்கும். கொக்கியைப் பிடுங்கியபோது அந்த இடத்தில் கல் பெயர்ந்து, பின்னாளில் வேறு கல்லைச் செதுக்கி ஒட்டியிருப்பார்கள். விரலால் தடவினாலே அந்த ஒட்டு தட்டுப்படும். தோட்டத்து மாட்டுத் தொட்டிக்கு இந்த வடு இருக்காது. ஒரு கல்லைப் பார்த்ததும் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

பிறகு உட்புறம். அடியில் நடுவில் வடிகால் துளை உண்டா? ஈயத் தகட்டின் மிச்சமோ, தகடு மடிந்த கோடோ விளிம்பில் உண்டா? உரலுக்குத் துளை இருக்காது, சுவர் கனமாக இருக்கும், வெளியே பிடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். தீர்த்தக் கிண்ணம் சிறியது. சுவரில் பதிந்திருந்த பக்கம் தட்டையாக இருக்கும். தொட்டியும் தூணை ஒட்டி நின்றிருந்தால் ஒரு பக்கம் செதுக்காமல் விட்டிருப்பார்கள். பழைய ஓவியத்தில் அது நின்ற இடத்தோடு அதை ஒப்பிடலாம்.

காலமும் உருவும் பொருந்துகின்றனவா? 12–13-ஆம் நூற்றாண்டில் டோர்செட்டின் பர்பெக் கல்லில் சதுரத் தொட்டி செய்து, நடுவில் தடித்த தூண், மூலைக்கொரு மெல்லிய தூண் என்று ஐந்து கால்களில் நிறுத்தினார்கள். பக்கங்களில் ஆழமில்லாத வளைவு வரிசை இருக்கும். அந்தக் கல்லை உற்றுப் பார்த்தால் நன்னீர் நத்தை ஓடுகள் நெருக்கியடித்துப் படிந்திருப்பது தெரியும். பெல்ஜியத்தின் தூர்னே நகரத்துக் கறுப்புச் சுண்ணாம்புக் கல்லில் செய்து கடல் கடந்து வந்த தொட்டிகளும் இங்கிலாந்தில் உண்டு. வின்செஸ்டர், லிங்கன் பேராலயங்களில் இருப்பவை அந்த வகை. குழந்தையை முழுக்க முக்கி எடுக்கும் அளவுக்கு இடைக்காலத் தொட்டி அகலமாக இருக்கும். ரென் காலத்து மாநகரத் தொட்டியோ சலவைக்கல்லில் செய்த சிறிய கிண்ணம். உப்பிய தண்டின் மேல் பூச்சாடி போல நிற்கும். சிலவற்றில் வெளிப்புறம் விரல் விரலாகப் புடைத்த வரிகள், சிலவற்றில் சிறகு முளைத்த குழந்தை முகங்கள். இதனாலேயே தோட்ட அலங்காரம் என்று தவறாக எண்ணப்பட்டவையும் இவைதான்.

கல் எங்கே கிடைக்கிறது என்பதும் சாட்சி சொல்லும். நம் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் செயின்ட் மேரி ஆலயத்தில், 1689-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் மூன்று மகள்கள் ஞானஸ்நானம் பெற்ற தொட்டி கருங்கல். பல்லாவரம் பக்கத்துக் குன்றுகளின் கல். அந்த வகைப் பாறைக்கே பிற்காலத்தில் சார்னக்கைட் என்று அவர் பெயரைப் புவியியலாளர்கள் வைத்தார்கள். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்ததா, உள்ளூரில் செய்ததா என்ற கேள்விக்கு அங்கே கல்லே விடை.

கடைசியாக எழுத்து. நன்கொடையாளர் பெயர், சர்ச் வார்டன்கள் பெயர், ஆண்டு ஆகியவை விளிம்பிலோ அடிப்பீடத்திலோ இருக்கலாம். சர்ச் வார்டன் பெயர் கிடைத்தால், நான்காம் படியில் எடுத்த கணக்குப் புத்தகத்தில் அந்த ஆண்டுப் பொறுப்பாளர்களோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் தொட்டியின் அடையாளம் உறுதி.

பழைமையை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஷ்ரோப்ஷயரில் ரோக்செட்டர் ஆலயத்தின் தொட்டி, ரோமானியத் தூணின் அடிக்கல்லைக் குடைந்து செய்தது. கல்லுக்கு ஒரு வயது, தொட்டிக்கு வேறு வயது.

ஏழாம் படி: ஆலயங்களுக்கு வெளியே

இரண்டு முகவரிகளிலும் இல்லையென்றால் வட்டத்தை விரியுங்கள். பெறும் ஆலயத்தின் தரைக்கடியில் இருக்கலாம். புதுத் தொட்டி வைக்கும்போது பழையதை அவமதிக்காமல் அதன் கீழேயோ ஆலய முற்றத்திலோ புதைப்பது வழக்கமாக இருந்தது. பேராலயத்தில் இருக்கலாம். வை நதி வளைவில் லன்காட் என்ற இடத்தில் கூரையிழந்து நிற்கும் செயின்ட் ஜேம்ஸ் ஆலயத்தின் 12-ஆம் நூற்றாண்டு ஈயத் தொட்டி, இன்று குளோஸ்டர் பேராலயத்தில் பத்திரமாக இருக்கிறது. அதே அச்சில் வார்த்த உடன்பிறப்புகள் அந்த மாவட்டத்தின் வேறு ஊர் ஆலயங்களிலும் உள்ளன. ஈயத் தொட்டியைத் தேடுபவர்கள் இப்படி அச்சை வைத்து ஒப்பிட முடியும்.

செல்வர் மாளிகைகளையும் பாருங்கள். மாநகரின் ஃப்ரைடே தெருவில் இருந்து 1880-களில் இடிபட்ட செயின்ட் மேத்யூ ஆலயத்தின் பீடப் பின்புற மரச்சிற்பம், சர்ரேயில் போல்ஸ்டன் லேசி மாளிகையின் கூடத்தை அலங்கரிக்கிறது. அதே ஆலயத்தின் தொட்டியும் பிரசங்க பீடமும், 1940 குண்டுவீச்சில் உள்ளே எல்லாம் எரிந்துபோன செயின்ட் ஆண்ட்ரூ பை தி வார்ட்ரோப் ஆலயத்தைப் போருக்குப் பின் சீரமைத்தபோது அங்கே இடம் பிடித்தன. இடிபட்டு ஏறத்தாழ எண்பது ஆண்டு கழித்து ஒரு தொட்டிக்குப் புது வேலை! ஆகவே இடிப்பு நடந்த ஆண்டோடு தேடலை நிறுத்தாதீர்கள். போருக்குப் பிந்தைய சீரமைப்புக் கோப்புகள் வரை வாருங்கள்.

தோட்டங்களில் கிடப்பவற்றைத் தேட, இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னப் பட்டியலில் தொட்டியைக் குறிக்கும் font என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள். சில தோட்டத் தொட்டிகள் தனி உருப்படியாகவே பதிவாகியிருக்கின்றன. பழைய கட்டடப் பொருள் விற்பவர்களிடமும் அவ்வப்போது வரும்.

எட்டாம் படி: இரண்டாவது அழிவையும் கணக்கில் எடுங்கள்

தொட்டியைப் பெற்ற ஆலயமும் பிறகு மூடப்பட்டிருக்கலாம், எரிந்திருக்கலாம். அப்படியானால் அந்த ஆலயத்துக்கு மூன்றாம் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். லம்பார்ட் தெரு ஆல் ஹாலோஸ் மாதிரி அதிர்ஷ்டம் எல்லாவற்றுக்கும் கிடைக்கவில்லை. அங்கே கோபுரத்தையே கல் கல்லாகப் பிரித்து ட்விக்கனத்தில் நிறுத்தி, பழைய மரவேலைகளோடு புது ஆலயத்தை 1940-இல் பிரதிஷ்டை செய்தார்கள். பிரெட் தெரு செயின்ட் மில்ட்ரெட் ஆலயமோ, ரென் காலத்து உள்ளமைப்பு ஏறக்குறைய அப்படியே இருந்த நிலையில், 1941-இல் ஒரே இரவில் போனது. புகைப்படங்கள் மட்டும் மிச்சம். தேடல் அங்கே முடிந்தால், அழிந்த தேதியையும் அதற்கான சான்றையும் எழுதி வையுங்கள். அதுவும் கண்டுபிடிப்புதான், அடுத்து வருபவர் அதே பாதையில் அலைய வேண்டாம்.

கண்டுபிடித்த பிறகு

தொட்டி ஆலயத்தில் இருந்தால், அதை நகர்த்தச் சொல்லியோ "சொந்த இடத்துக்கு" திருப்பச் சொல்லியோ கேட்காதீர்கள். அது இன்று அந்தப் பங்கின் பிள்ளைகளுக்குரியது. தொட்டி இயன்றவரை முதன்மை வாசலுக்கு அருகில் இருக்க வேண்டும், அதன் கிண்ணம் ஞானஸ்நானத்துக்கு அன்றி வேறெதற்கும் பயன்படக் கூடாது என்று இங்கிலாந்துத் திருச்சபையின் விதி இன்றும் சொல்கிறது. பூச்சாடியாகவோ துண்டறிக்கை வைக்கும் மேடையாகவோ இருந்தால், குருவானவரிடம் மரியாதையாகச் சொல்லலாம். வரலாறு தெரிந்ததும் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு சரிசெய்வார்கள். தோட்டத்திலோ கடையிலோ இருந்தால் விலை பேசாதீர்கள். ஃபேகல்டி இல்லாமல் ஆலயத்தை விட்டுப் போன பொருளின் உரிமை சிக்கலானது. திருமண்டலத்தின் ஆலயக் கட்டட அலுவலகத்துக்கு முதலில் எழுதுங்கள்.

பிறகு ஒரு பக்கத்துக்கு மிகாமல் குறிப்பு எழுதுங்கள். தொட்டியின் அளவுகள், கல்லின் வகை, நான்கு பக்கமும் உட்புறமும் விளிம்பும் தெரியும் படங்கள், எழுத்து இருந்தால் அப்படியே, பழைய ஆலயத்தின் பெயர், இடிப்பு ஆண்டு, வந்து சேர்ந்த வழி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே எந்த ஏட்டின் எந்தப் பக்கம் என்று குறியுங்கள். ஏட்டில் பார்த்ததையும் ஊகித்ததையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். பிரதி ஒன்று தொட்டி இருக்கும் ஆலயத்துக்கு, ஒன்று பழைய பங்கு இணைந்த ஆலயத்துக்கு, ஒன்று ஆவணக் காப்பகத்துக்கு, ஒன்று டொரான்டோ தொகுப்புக்கு. ஆலயம் சம்மதித்தால், தொட்டியின் அருகே வைக்க நான்கே வரியில் ஒரு அட்டையும் எழுதிக் கொடுங்கள். அதில் இடிந்த ஆலயத்தின் முழுப் பெயரும் தெருவும் கட்டாயம் இருக்கட்டும்.